கொக்குக்குப் போட்ட ஓட்டு

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கே ஒற்று வரும், எங்கே மூணு சுழி வரும் என்று இன்னமும் தடுமாற்றம்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். படிக்கிறவங்க பொறுத்துக்கணும். வாயால் சொல்லலாம் என்றால் அதற்கும் கூச்சம். கடையில் போய் நின்று ஒரு உப்புப் பாக்கெட் கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வந்த நாலு பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப்பட்டவள் சண்டை போடுகிற ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

செல்போனில் ஆடுகிற ஆட்டம் அது. ரெண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். அடித்துக்கொள்வார்கள். ஒருத்தர் விழுகிற வரைக்கும் ஆட்டம். ஊரில் இருக்கிற யாரோடு வேண்டுமானாலும் வூட்டிலிருந்தே ஆடலாம். எதிரே இருக்கிறவர் யார், என்ன வயசு, ஒன்றும் தெரியாது. பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வூடு. என் வூட்டுக்காரர் தவறிப்போனதற்கு அப்புறம் நானும் என் மகளும் மட்டும்தான். மகளைக் கட்டிக்கொடுத்து, மூணாம் வருஷம் அவள் ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாப்பாரப்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் மனு அடித்துக்கொடுக்கிற வேலைக்குப் போனாள். நான் வூட்டில் புளி தட்டுவேன். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஓடு எடுத்து, கொட்டை எடுத்துத் தர வேண்டும்.

இந்த ஆட்டத்தை அவள்தான் வூட்டுக்குக் கொண்டுவந்தாள். தன் பழைய போனை என் கையில் கொடுத்து, "யம்மா, நீ சும்மா எதிர்ல நில்லு. அடி வாங்கறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள்.

"அடி வாங்கறதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"வேற யாரு இருக்கா?"

அதுவும் சரிதான் என்று உட்கார்ந்தேன்.

ஆட்டத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வாயில் நுழையாத பேர். நாங்களே பேர் வைத்தோம். முடி முடியாக ஒரு ஆள், அவன் கரடி. பெரிய உடம்புக்காரி ஒருத்தி, அவள் குண்டம்மா. ஈட்டியும் நீளக் காலுமாக ஒற்றைக் காலில் நிற்கிற ஒல்லிப் பொம்பளை, அவள் கொக்கு. நான் கரடி. கரடிக்கு ஒரே பொத்தான் போதும். தட்டத் தட்ட அடிப்பான். என் மகள் கொக்கு.

கொக்கு தானாகப் போய் அடித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எதிரி அடிக்க வரும்போது, அந்த அடி மேலே படப்போகிற நொடியில் ஒரு இடத்தைத் தொட்டால், அந்த அடி ரெண்டு மடங்காக அடித்தவனுக்கே திரும்பிப் போகும். கொஞ்சம் முந்தித் தொட்டாலும் போச்சு, பிந்தித் தொட்டாலும் போச்சு. ஒரு கண் இமைக்கிற நேரம்தான். என் மகள் அந்த இமைப்பைப் பிடித்துவிடுவாள். நான் தட்டுவேன், கரடி பறந்து போய் விழுவான். மறுபடியும் தட்டுவேன், மறுபடியும் விழுவான்.

"புளி தட்டற மாதிரியே தட்டறியே யம்மா. கொஞ்சம் பொறுத்துப் பாரேன். நீ சும்மா நின்னீன்னா கொக்கால ஒண்ணும் பண்ண முடியாது."

"சும்மா நிக்கறதுக்கு எதுக்குடி சண்டை?"

அவள் சிரிப்பாள். திரும்பி வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது இந்த ஆட்டத்தில்தான். அதனால் தோற்பதற்கு எனக்கு அலுக்கவே இல்லை.

ஒருநாள் அவள் விவரமாகச் சொன்னாள். இதில் ஆடுகிறவர்கள் ரெண்டு வகையாம். என்னைப் போல, பக்கத்து வூட்டுக்காரியைப் போலப் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் ஒரு வகை. போட்டிக்கு ஆடுகிறவர்கள் இன்னொரு வகை. "போட்டிக்காரன் அடிக்கற மாதிரி கையத் தூக்குவான், ஆனா அடிக்க மாட்டான். கொக்கு ஏமாந்து முந்திடும். அப்ப வெச்சு வாங்குவான். அவங்ககிட்ட கொக்கு பெரிய ஆளே இல்ல யம்மா. கண்ண மூடிட்டுத் தட்டறவங்களுக்குத்தான் அவ பிசாசு." அதனால் போட்டியில் கொக்கை எடுக்கிறவர்களே குறைவு, எடுத்து ஜெயிக்கிறவள் தான் ஒருத்திதான் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் போட்டியில் சேர்ந்திருந்தாள். முதல் ரெண்டு சுற்று போனிலேயே முடிந்தது, ரெண்டிலும் ஜெயித்தாள். மூணாவது பெங்களூரில் நேரில். அங்கே ஒரு கம்பெனி பொம்பளைப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு அணி சேர்க்கிறதாம். அதில் ஒரு இடம் பாக்கி. நன்றாக ஆடினால் சம்பளம், தங்க இடம் எல்லாம் உண்டு. "போனா நீயும் வந்துரு யம்மா. அங்க யாரும் எதுக்குத் திரும்பி வந்தன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் கேட்காவிட்டாலும் ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று.

என் தம்பி ஒரு வரன் கொண்டுவந்திருந்தான். பென்னாகரத்தில் மனைவி இறந்துபோன ஒருத்தர், ரெண்டு பிள்ளைகள். என் மகள், "பெங்களூரு முடியட்டும் மாமா, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். பெங்களூரில் இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லலாம். கிடைக்காவிட்டால் சொல்வதற்கு அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. இது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

புளி மூட்டை நிறைய வந்த நாட்கள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கை கழுவிக்கொண்டு ஒரு ஆட்டம் போடலாம் என்று போனைத் திறந்தால், புதிதாக ஒன்று வந்து நின்றது. மேலே இங்கிலீஷில் ஒரு வரி. கீழே ஆட்டத்தில் இருக்கிற எல்லார் முகமும் வரிசையாக. கரடி, குண்டம்மா, கொக்கு, மற்றவர்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஓட்டு மிஷின் இப்படித்தானே இருக்கும். சின்னம், பக்கத்தில் அமுக்குகிற இடம்.

நான் கொக்கை அமுக்கினேன். பக்கத்து வட்டம் சிவப்பாச்சு. பீப் என்று சத்தம் வந்தது. ஓட்டுப் போடும்போது எரிகிற அதே சிவப்பு, வருகிற அதே சத்தம். என் ஓட்டு விழுந்துவிட்டது என்று திருப்தியாக இருந்தது. அதற்குக் கைமாறாகக் கரடிக்கு ஒரு சிவப்புத் துண்டு வேறு கொடுத்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வயசுக்கு யாரும் என்னை எது வேண்டும் என்று கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. எலக்‌ஷன் ஓட்டுக்கூட, பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் கூட நடந்து வந்து அவர்தான் சின்னத்தைச் சொல்லி அனுப்புவார். இது ஒன்றுதான் நானாகப் பார்த்து, நானாக அமுக்கியது.

மறுநாளும் அது வந்தது. மறுபடியும் கொக்கு. ஏழு நாள் வந்தது, ஏழு நாளும் அமுக்கினேன். என்னோடு உட்கார்ந்து புளி தட்டுகிற பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, எலக்‌ஷன் வந்துடுச்சா?"

"எம் பொண்ணு கட்சிடி. கொக்குச் சின்னம். உன் போன்லயும் வந்திருக்கும், பாரு."

"ஓட்டுக்கு என்னா குடுப்ப?"

"களி கிண்டித் தரேன்."

"கருவாட்டுக் கொழம்பு?"

"அதுவும்தான், போடுடி."

அவளும் மூணு நாள் போட்டாள். கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். மகளிடம் சொல்லவில்லை. ஜெயித்து வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அம்மாவும் அம்மாவால் ஆனதைச் செய்தாள் என்று அவள் அறிந்தால் போதும் என்று இருந்தேன்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஆட்டம் புதிதாக வந்திருக்கிறது, இறக்கிக்கொள் என்று போனில் காட்டியது. இறக்கிக்கொண்டோம். சாயங்காலம் மகள் வந்து டீ குடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலத் தட்டினேன். கரடி பறக்கவில்லை. இன்னும் தட்டினேன். கொக்கு பின்னால் பின்னால் போனாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். கொக்கு விழுந்துவிட்டாள்.

"ஐயோ, நான் ஜெயிச்சுட்டேன் பாப்பா!" என்று கை தட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் "இன்னொரு தடவை" என்றாள். அதிலும் நான் ஜெயித்தேன். "இன்னொரு தடவை." மூணாவதில் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். தோற்றுப்போகலாம் என்று பார்த்தேன்.

"தட்டு யம்மா."

"கை வலிக்குது சாமி."

"தட்டுன்னு சொல்றேன் இல்ல?"

தட்டினேன். கொக்கு விழுந்தாள்.

"நீ ஜெயிக்கல யம்மா," என்றாள். குரல் உயரவே இல்லை. "அவங்க மாத்திட்டாங்க."

அப்புறம் கம்பெனி எழுதியிருந்ததைப் போனில் தேடி எடுத்து எனக்குத் தமிழில் சொன்னாள். நான் அடுப்பண்டை நின்றிருந்தேன். எல்லாருக்கும் ஆட்டம் சரிசமமாக இருக்க வேண்டுமாம். சாதாரணமாக ஆடுகிறவர்கள் மனசு விட்டுப் போகிறார்களாம். அதனால் கருத்துக் கேட்டார்களாம். "எந்த ஆளோட ஆடறது உங்களுக்குத் தொல்லையா இருக்குன்னு கேட்டிருக்காங்க யம்மா. நெறைய பேரு கொக்குன்னு சொல்லியிருக்காங்க. அதனால அந்த இமைக்கற நேரத்தப் பாதியாக் கொறச்சுட்டாங்க." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "யாரு சொல்லியிருப்பாங்க? எவனோ தட்டத் தெரியாதவன், ஆடத் தெரியாதவன் சொல்லியிருப்பான். நல்லா இருக்கட்டும்."

உலையில் அரிசியைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் ரெண்டாம் தடவையும் போட்டேன். சோறு பொங்கி அடுப்பை அணைத்தது.

பெங்களூருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வேறு ஆளை எடுத்து ஆடேன் என்றேன். "ரெண்டு வருஷமா என் வெரலு அந்த நேரத்தத்தான் படிச்சிருக்கு யம்மா. கணக்குப் பாத்து நான் தொடல, வெரலு தானாத் தொடுது. அதுகிட்டப் போயி நீ படிச்சது தப்பு, பாதியிலயே தொடுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். குண்டம்மாவை எடுத்துப் பார்த்தாள். கரடியைக்கூட எடுத்தாள். எதை எடுத்தாலும் எதிரி அடிக்கும்போது கட்டை விரல் கொக்கு தொடுகிற இடத்துக்கே போய் நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை.

பக்கத்து வூட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான்க்கா ஆட்டம் ஆட்டமா இருக்கு. அந்தக் கொக்கு சனியன் ஒழிஞ்சுது." அவள் தப்பாகச் சொல்லவில்லை. எங்களைப் போலத் தட்டுகிறவர்களுக்கு நல்லதுதான் நடந்தது. யாரோ முகம் தெரியாதவரோடு ஆடினால் முன்பெல்லாம் கொக்கு வந்து என்னை ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிடும். இப்போது நான் ஜெயித்தேன். ஜெயிக்க ஜெயிக்க அந்தப் பக்கம் யார் மகளோ என்று தோன்றும். ஒரு வாரத்தில் கொக்கை எடுக்கிறவர்களே இல்லாமல் போனார்கள். எங்கே பார்த்தாலும் கரடிக்குக் கரடி. ரெண்டு பேரும் தட்டிக்கொண்டே நின்றோம். எங்கள் சந்தோஷத்துக்கு ஆயுசு அவ்வளவுதான். அடுத்த முறை கரடியையும் குறைத்துவிட்டார்கள். பக்கத்து வூட்டுக்காரி ஆட்டத்தையே விட்டுவிட்டு சீரியலுக்குப் போய்விட்டாள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு, விட்டால் விட்டதுதான்.

தருமபுரியில் ரயில் ஏறிப் பெங்களூர் போனோம். பெரிய கட்டடம். ஏசி குளிர். ஆடுகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் ஆம்பிளைகள். நான் சுவர் ஓரமாக, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். என் மகள் கொக்கையே எடுத்தாள். எதிரே தாடி வைத்த ஒருத்தர், ஓசூர்க்காரராம், குண்டம்மாவை எடுத்தார். அவர் கையைத் தூக்கி ஏமாற்றக்கூட இல்லை. நேராக வந்து அடித்தார். ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரெண்டு ஆட்டம். நான் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் நல்ல மனுஷன். எழுந்து வந்து, "அக்கா, போன மாசம் இந்தப் போட்டி வெச்சிருந்தா நானெல்லாம் உங்க முன்னாடி உக்காந்திருக்கவே மாட்டேங்க. உங்க ஆட்டத்தப் பாத்துப் பாத்துப் பயந்துட்டு இருந்தேன்" என்றார். என் மகள், "பரவால்லீங்க" என்றாள். அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த கம்பெனிக்காரப் பெண் வேறு ஒருத்தியின் பேரை எழுதிக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. நேராகச் சொல்ல வரவில்லை. சுற்றி வளைத்து, "பாப்பா, ஒரே ஆளு ஏழு நாளு அமுக்குனா ஏழு ஓட்டா எடுத்துப்பாங்களா?" என்று கேட்டேன்.

"எலக்‌ஷன் எங்க யம்மா இருக்கு இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"ஒருத்தருக்கு ஒரு ஓட்டுத்தான். வெரல்ல மை வெப்பாங்க இல்ல?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என் விரலில் யாரும் மை வைக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

என் தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். பெங்களூர் என்ன ஆச்சு என்று கேட்டான். அவள், "சரி மாமா, அவங்கள வரச் சொல்லுங்க" என்றாள். எதுக்குச் சரி என்று அவனுக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. போனிலிருந்து ஆட்டத்தை அழித்துவிட்டாள். ஆனியில் பேசி முடித்து, ஆவணியில் அவளைப் பென்னாகரத்துக்கு அனுப்பிவைத்தேன். மாப்பிள்ளை கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் ரெண்டும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன் பண்ணினால், "சாப்ட்டியா யம்மா? மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள், வைத்துவிடுவாள். ஒருநாள் ஆட்டத்தைப் பற்றி எடுத்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு யம்மா" என்றாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

போன மாசம் ஆட்டம் மறுபடியும் மாறியது. நான் அதை அழிக்காமல் வைத்திருந்தேன், ஆடுவதில்லை. ஒருநாள் திறந்து பார்த்தபோது ஒரு கொக்கு எதிரில் வந்தாள். நாலு தட்டுத் தட்டினேன், கரடி பறந்து போய் விழுந்தான். பழைய இமைப்பு நேரம். பாப்பாரப்பட்டி சென்டரில் என் மகளோடு வேலை பார்த்த பெண்ணிடம் போனைக் காட்டிக் கேட்டேன். போட்டிக்காரர்கள் ரொம்பக் குறைப்பட்டுக்கொண்டதால் கொக்கைப் பழையபடியே ஆக்கிவிட்டதாகப் போட்டிருக்கிறது என்று படித்துச் சொன்னாள். தப்பு நடந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒத்துக்கொள்வது அவர்களுக்கு அவ்வளவு லேசாக இருக்கிறது. என் மகளிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. அவள் விரல் இப்போது எதைத் தொடுகிறது என்று எனக்குத் தெரியாது.

இதில் எனக்கு நிச்சயமாகத் தெரியாதவை சில இருக்கின்றன. அந்தக் கேள்வி வந்தது மாசியிலா, பங்குனியிலா என்று குழப்பமாக இருக்கிறது. புளி வந்த நாட்கள் என்பது மட்டும் நிச்சயம். இமைக்கிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்களா, அதைவிடக் குறைத்தார்களா, அதுவும் மகள் சொன்னதுதான். மேலே இங்கிலீஷில் இருந்த வரியில் அவள் சொன்னதுதான் இருந்ததா, இல்லை நான் நினைத்ததுதான் இருந்ததா, அதையும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் ஏழு நாள் அமுக்கியதை அவர்கள் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்களா, ஏழு என்று எடுத்துக்கொண்டார்களா? பக்கத்து வூட்டுக்காரி போட்ட மூணும் என் கணக்கில்தான் சேரும். இந்த ஆட்டம் தெரிந்தவங்க யாராவது பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். எனக்காக என்று எதையும் குறைத்து எழுத வேண்டாம். பத்து என்று இருந்தால் பத்து என்றே போட்டுவிடுங்கள்.